ஒரே ரகக் கிற்றார் இரண்டு, குரல் வேறு வேறு: குறியைக் கொண்டு பிழை பிடிக்கும் வழி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு நீண்ட மேசை கிடக்கிறது. பொழுதுபட்டால் அதில் யாருடைய மின்கிற்றாராவது மல்லாந்து படுத்திருக்கும். கொண்டுவருபவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுவும் அதுவும் ஒரே ரகம். அதில் இருக்கிற உயிர் இதில் இல்லை."

போன ஆண்டு என் மருமகன் இரண்டையும் இரண்டு தோள்களில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். இரண்டும் ஸ்ட்ராட் வகை, அதாவது பெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி. ஒரே தொழிற்சாலை, ஒரே நிறம். ஒன்று அவனுடையது; மற்றது அவனுடைய கூட்டாளி வெளிநாடு போகும்முன் விற்கக் கொடுத்தது. கூட்டாளியின் கிற்றார் பாடுகிறது, தன்னுடையது முனகுகிறது என்றான். தன்னுடையதை யாருக்காவது தள்ளிவிட்டு அதை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டான்.

"மாமா, அது நல்ல மரமாக இருக்கும், என்ன?"

"மரத்தைக் கடைசியில் பார்ப்போம் மனே. முதலில் கம்பியைக் காட்டு."

இரண்டு கிற்றார்களுக்கு இடையிலான வேறுபாடு எங்கோ ஓர் இடத்தில் குடியிருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் திருப்புளிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கீழே இருப்பது நான் தேடிப் பார்க்கும் ஒழுங்கு. உங்கள் கிற்றாரின் குறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதற் பகுதியை மட்டும் தாண்டவேண்டாம்; அதைத் தாண்டினால் பிறகு அளப்பதெல்லாம் வீண்.

தொடங்கும்முன்: இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்

ஒரே அம்ப் (ஒலிபெருக்கி), ஒரே கேபிள், ஒரே பிக் (கம்பியை மீட்டும் சில்லு). அம்பின் குமிழ்களை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள். இரண்டு கிற்றார்களுக்கும் ஒரே கட்டில் (தடிப்பில்), ஒரே நாளில் புதிய கம்பி பூட்டுங்கள். புதுக் கம்பிச் செலவை நினைத்து இந்த இடத்தில் தயங்குபவர்கள்தான் பிறகு புதுக் கிற்றாருக்கே செலவழிக்கிறார்கள்.

அடுத்தது சத்த அளவு. இங்கேதான் காது ஏமாறும். சற்றுக் கூடச் சத்தமாக ஒலிப்பதையே காது நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளும் மிகக் கூர்மையான ஒலிகளும் நடுப்பகுதியைவிட விரைவாக மங்கிப்போவதாக நமக்குக் கேட்கிறது. 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். ஆகவே கைத்தொலைபேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, அம்புக்கு எதிரே ஒரு கதிரையில் வைத்து, இரண்டு கிற்றார்களும் ஒரே அளவு காட்டும்வரை சரிசெய்யுங்கள். கூடச் சத்தமுள்ள கிற்றாரின் வொல்யூம் குமிழைத் திருகிக் குறைக்காதீர்கள். பல கிற்றார்களில் அது கூர்மையையும் சேர்த்தே விழுங்கிவிடும். அம்பில் குறையுங்கள். குமிழ்களைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு.

வாசிப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் பைலாத் தாளத்துக்கு வெட்டி வெட்டி அடித்துவிட்டு மற்றதில் மெதுவாகத் தனிக்கம்பி மீட்டினால் அதற்குப் பெயர் ஒப்பீடு இல்லை. நான்கு சுற்று வரும் ஒரு துண்டைத் தெரிவுசெய்து இரண்டிலும் அதையே வாசித்துப் பதிவுசெய்யுங்கள். பிறகு இன்னொருவர் ஒழுங்கை மாற்றிப் போட, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நிறமும் பெயரும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை காது சுயமாக யோசிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது உடன்பிறப்புகளுக்கான வழிமுறை. 1954 இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் 1952 இல் வந்த கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போலையும் பக்கத்தில் வைத்து "ஏன் ஒன்றுபோல் இல்லை" என்று கேட்டால் பதில் சுலபம். கம்பியின் நீளம் வேறு, பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்) இனம் வேறு, உடலும் வேறு. அவை ஒன்றுபோல் இருந்தால்தான் பிழை.

குறி: ஒன்று பளிச்சென்கிறது, மற்றது மந்தமாக இருக்கிறது

மேசைக்கு வருவதில் பெரும்பங்கு இதுதான். மருமகனின் முறைப்பாடும் இதுதான்.

முதலில் கம்பி. வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, மூன்றாவது கம்பிக்கு அடியால் நுழைத்து, இரு விரல்களால் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஒருமுறை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். மருமகனின் கிற்றாரில் இழுத்தபோது துணியில் கருப்பும் செம்மையும் கலந்த ஒரு கோடு விழுந்தது, வெற்றிலைச் சாறு பட்டதுபோல. கூட்டாளியின் கிற்றாரில் துணி வெள்ளையாகவே வந்தது. விற்பதற்காகப் புதுக் கம்பி பூட்டியிருந்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று யன்னல் கொளுவியையே தின்றுவிடும்போது, நிக்கல் பூசிய உருக்குக் கம்பியை விட்டுவைக்குமா? பருத்த கம்பிகளின் சுற்றுகளுக்கு இடையில் வியர்வையும் அழுக்கும் அடைந்தால் கம்பியின் எடை இடத்துக்கிடம் மாறும், கூர்மையான மேலொலிகள் முதலில் செத்துப்போகும். கையில் அது மந்தம் என்றுதான் தெரியும். இரண்டிலும் புதுக் கம்பி பூட்டியபோது அவனுடைய முறைப்பாட்டில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது கேபிள். கேபிளும் மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு கொள்ளளவிதான். மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீற்றர் கேபிளில் கேட்ட கிற்றாரை ஆறு மீற்றர் கேபிளில் மாட்டினால் பிக்கப்பின் உச்சொலி கீழே இறங்கும், ஒலி மூடிக்கொள்ளும். கடையில் குட்டைக் கேபிளில் வாசித்துப் பார்த்து வாங்கிய கிற்றார் கோயில் மேடையில் நீளக் கேபிளில் வேறு குரலில் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் கடைசியில்) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். வழக்கமான ஒற்றைச்சுருள் பிக்கப்புக்கு பெண்டர் நிறுவனம் சொல்லும் தொடக்க அளவு பருத்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீற்றர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மில்லிமீற்றர். அளவுகோல் நுழையாத இடத்தில் 1.5, 2 மில்லிமீற்றர் துளையிடும் ஊசிகளின் காம்பு நுழையும். இரண்டு கிற்றார்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அரைச் சுற்றுத் திருகுக்கே ஒலி மாறுவதைக் காது உடனே பிடிக்கும். கழுத்துப் பக்கத்து பிக்கப் உயர்ந்தும் பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் அமரும் பாலம்) பக்கத்துப் பிக்கப் தாழ்ந்தும் இருந்தால் அந்தக் கிற்றாரை மந்தமானது என்பார்கள். எதிராக இருந்தால் கீச்சென்கிறது என்பார்கள்.

ஒன்று மெலிந்தும் மற்றது சத்தமாகவும் இருந்தாலும் இதே இடத்தில்தான் தொடங்கவேண்டும். உயரம் ஒத்தபின்னும் ஒன்று ஓங்கியே நின்றால் சுருளின் சுற்று எண்ணிக்கையோ காந்தமோ வேறு. அல்நிக்கோவா செரமிக்கா என்று கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அல்நிக்கோ என்றால் ஆறு காந்தத் தண்டுகள் அடிவரை இறங்கியிருக்கும். மலிவு வகைகளில் ஆறு இரும்புத் தண்டுகளும் அடியில் ஒட்டிய செரமிக் பட்டையும் இருக்கும். இரண்டாவது வகை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே குரலில் பேசாது.

குறி: நடு நிலைகளில் மட்டும் ஒன்று மூக்கால் பாடுகிறது

ஸ்ட்ராட்டில் பிக்கப்புகளைத் தெரிவுசெய்யும் ஐந்து நிலை மாற்றியில் இரண்டாவதும் நான்காவதும் இயல்பாகவே சற்று ஒல்லியான, நீர்த்துளி சொட்டுவதுபோன்ற ஒலி. அது பிழை அல்ல. ஆனால் அடித்தொனி முழுதும் மறைந்து, சத்தமும் பாதியாக விழுந்து, பழைய வானொலிப் பெட்டியில் கேட்பதுபோல் இருந்தால் இரண்டு பிக்கப்புகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்று பொருள். யாரோ ஒரு பிக்கப்பை மாற்றியபோது வயரைத் தலைகீழாக ஒட்டியிருப்பார்கள். அந்த ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி ஈயம் வைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

குறி: ஒரே கம்பி, ஒரே சுருதி, ஒன்று மட்டும் கைக்கு இறுக்கமாக இருக்கிறது

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். கம்பியின் இழுவை மூன்றையே பொறுத்தது: கம்பியின் எடை (ஓரலகு நீளத்துக்கு), நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் வெட்டுள்ள பட்டை) பிரிட்ஜ் வரையுள்ள நீளம், சுருதி. இந்த மூன்றும் ஒன்றென்றால் இழுவையும் ஒன்றுதான். விலை என்ன, மரம் என்ன என்பதற்கு அதில் வேலை இல்லை.

எனவே இறுக்கம் உண்மையானதா என்று பார்க்கும் வழி அந்த மூன்றையும் சரிபார்ப்பது. ஸ்ட்ராட் வகையின் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீற்றர். லெஸ் போல் வகைக்கு 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று நினைக்கலாம். இழுவை நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 6 சதவீத வேறுபாடு. 9 கட்டு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு தடிப்பு) முதற்கம்பியிலிருந்து 10 கட்டுக்குப் போனால் 23 சதவீதம் கூடும். அரைச் சுருதி இறக்கினால் 11 சதவீதம் குறையும். "லெஸ் போலில் விரல் சுகமாக வளைகிறது" என்பவர்களிடம் இரண்டிலும் என்ன கட்டுக் கம்பி பூட்டியிருக்கிறது என்று நான் கேட்பேன்; பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்றும் ஒத்திருந்தும் கை இறுக்கம் என்று சொன்னால், கை பொய் சொல்லவில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. பார்க்கவேண்டிய இடங்கள் இவை.

நட்டின் வெட்டு. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை இருந்தால் போதும். விரல்நகம் நுழையும் அளவுக்கு இருந்தால் வெட்டு ஆழம் போதவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்களில் கோட் (சுரக்கூட்டு) பிடிக்கும்போது கை வலிப்பதற்கும் கோட் சற்றுச் சுருதி ஏறிக் கேட்பதற்கும் இதுவே காரணம். மலிவு வகைக் கிற்றார்களில் இந்த வெட்டைப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஒரே தொழிற்சாலையின் இரண்டு கிற்றார்களில் ஒன்றை நிதானமான கையும் மற்றதைப் பசித்த கையும் அராவியிருக்கலாம்.

கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கௌவி) போடுங்கள், கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள், எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளியை அளங்கள். விரற்பலகையின் குறுக்கு வளைவின் ஆரை 9.5 அங்குலமாக இருக்கும் கிற்றாருக்கு 0.25 மில்லிமீற்றர் நல்ல அளவு. அதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை: பத்துக் கட்டு முதற்கம்பியின் தடிப்பே 0.25 மில்லிமீற்றர்தான். கம்பி பூட்டும்போது வெட்டி எறியும் துண்டை எடுத்து இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். தட்டாமல் தாராளமாகப் போனால் வளைவு கூட. நுழையவே இல்லையென்றால் குறைவு. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் றொட் என்ற உலோகக் கோலை அலன் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பியபின் மறுபடி சுருதி சேர்த்து அளங்கள். சாவி முரண்டுபிடித்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே பலம் காட்டியவர்களின் கழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன்.

கம்பியின் உயரம். 17 ஆவது ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீற்றர். இரண்டு கிற்றார்களிலும் இதை ஒன்றாக்கியபின் மறுபடி வாசித்துப் பாருங்கள். இறுக்கம் என்று சொன்னவர்களில் பலர் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள்.

ட்ரெமோலோ ஸ்பிரிங். பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்க உடலில் ஒட்டாமல் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை வளைத்து ஏற்றும்போது பிரிட்ஜும் முன்னால் சாய்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதே சுருதிக்கு விரல் கூடத் தூரம் போகவேண்டும். ஐந்து ஸ்பிரிங் போட்டு உடலோடு ஒட்டவைத்த பிரிட்ஜில் விரல் குறைந்த தூரம் போனால் போதும். பின்மூடியைக் கழற்றி எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் ஒன்றானபின்னும் மீதமிருப்பது கழுத்தின் உருவம்: தடிப்பு, தோள், விரற்பலகையின் குறுக்கு வளைவு. பழைய பாணியில் 7.25 அங்குலம், இப்போதைய பாணியில் 9.5, லெஸ் போல் வகையில் 12. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். இதைத் திருப்புளியால் மாற்றமுடியாது, கைதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

குறி: ஒன்றில் கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கிறது

அம்பை மூடிவிட்டுக் கேட்பதும், அம்பைத் திறந்து கேட்பதும் இரண்டு வேறு சோதனைகள். அம்பு வழியாக வராத கரகரப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வந்தால், எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்களில் என்றால் கழுத்து நேராகிவிட்டது அல்லது பின்னால் வளைந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் என்றால் கம்பி மிகத் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தலைதூக்கியிருக்கிறது. அதை அராவுவதற்குப் பழகிய கை வேண்டும்.

மட்டக்களப்பில் இதற்கு ஒரு பருவக் கணக்கும் உண்டு. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று உதட்டை வெடிக்கவைப்பதுபோல மரத்தையும் சுருக்கும். விரற்பலகை சுருங்க, ஃப்ரெட்டின் முனைகள் பக்கவாட்டில் வெளியே தள்ளும். கையை ஓட்டினால் மீன் செதிள்போல் கீறும். வாடை தொடங்கி மாரி மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் மரம் ஈரம் குடித்து ஊதும். கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும், ஆகவே ஊகிக்காமல் அளங்கள். கச்சானில் அளந்த ஒன்றையும் மாரியில் அளந்த ஒன்றையும் ஒப்பிடாதீர்கள். ஒரே அறையில் இரண்டு நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு அளங்கள்.

காய்ந்த பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுபவர்கள் இருக்கிறார்கள். தலைக்குப் பூசுங்கள். பலகையில் அது பிசுக்காகத் தங்கி அழுக்கைச் சேர்க்கும்.

குறி: ஒன்று இரைகிறது, மற்றது அமைதியாக இருக்கிறது

ஒற்றைச்சுருள் பிக்கப் இரைவது அதன் பிறவிக்குணம். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சுற்றியுள்ள வயர்களும் ட்ரான்ஸ்ஃபோர்மர்களும் விடும் அந்த ஐம்பதையும் அதன் மடங்குகளையும் சுருள் அப்படியே வாங்கி அம்புக்குக் கொடுக்கிறது. இந்த இரைச்சலை அடக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955 இல் இரட்டைச்சுருள் ஹம்பக்கரை உருவாக்கினார். ஆகவே முதலில் பிக்கப்பின் இனத்தைப் பாருங்கள்.

இனம் ஒன்றென்றால், கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கதிரையோடு மெதுவாகச் சுழலுங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி, இன்னொரு திசையில் அடங்கினால் அது காற்று வழியே வருவது; பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர், மின்விசிறி வேகமாற்றி, கைத்தொலைபேசிச் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இரண்டாம், நான்காம் நிலைகளில் ஒன்று அமைதியாகி மற்றது ஆகாவிட்டால், அமைதியானதில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றும் எதிர்க்காந்தமும் கொண்டது. மற்றதில் அப்படி இல்லை. இது பிழை அல்ல, செய்முறை வேறுபாடு.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிற்றாரின் புவி இணைப்பு நன்றாக இருக்கிறது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சல் என்றால் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் ஒட்டியிருக்கவேண்டிய வயரைப் பாருங்கள். அது கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பொட்டு ஈயம் போதும்.

இனி விளையாட்டில்லாத ஒன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தபோது உதட்டில் சுளீரென்றால், அந்தக் கணமே கையை எடுத்து, அம்பின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். அது கிற்றாரின் குறை அல்ல. வீட்டு வயரிங்கிலோ அம்பிலோ மேடையின் மின்பிறப்பாக்கியிலோ புவி இணைப்பு இல்லை, அல்லது எங்கோ ஒழுக்கு இருக்கிறது. திருவிழா மேடைகளில் ஒரு ஜெனரேற்றரில் பத்து வயர் இழுத்திருப்பார்கள். மூன்று துளைச் செருகியின் மேல்துளையில் பேனாமூடியைக் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மூன்று முள் வேண்டிய அம்பை அப்படிச் செருகினால் புவிக் கம்பிக்குப் போக இடமில்லை. அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மின்வேலை தெரிந்தவர் வந்து பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அங்கே வாசிக்காதீர்கள்.

குறி: சுருதி சேர்த்தாலும் ஒன்று சேராமல் அலைகிறது

மேல் ஃப்ரெட்களில் பருத்த கம்பிகள் ஒரே சுருதியில் நிற்காமல் ஆடுகின்றன, ஒரு கம்பியில் இரண்டு சுருதி கேட்கிறது என்றால் காந்தம் கம்பியை இழுக்கிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை ஒரு சுற்று இறக்குங்கள். ஸ்ட்ராட் வகைக்கே உரிய நோய் இது. இது போகும்வரை வேறெதையும் தொடாதீர்கள்.

பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலைத் தொட்டுமட்டும் எடுக்கும் மணியொலியையும், அதே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் ஒலியையும் சுருதிமானியில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் அமரியை (கம்பி அமரும் சிறு துண்டை) பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பழைய கம்பியில் இதைச் செய்வது நேரத்தை வீணாக்குவது.

வளைத்து விட்டபின் சுருதி திரும்பி வராமல், முறுக்காணியைத் திருகும்போது நட்டில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் கம்பி வெட்டில் சிக்குகிறது. பென்சில் கூரை வெட்டுக்குள் தேய்த்துவிடுங்கள். பாடசாலைப் பிள்ளையின் பென்சில் போதும்.

குறி: குமிழைத் திருகினால் சொரசொரக்கிறது

உப்பும் தூசியும். மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் கொண்டக்ட் கிளீனரைக் குமிழின் அடியில் உள்ள துளையால் ஒருமுறை தெளித்து இருபது தடவை திருகுங்கள். தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள்.

குறி: ஒரு சுருதி மட்டும் உடனே சாகிறது

அம்பை மூடி, உடலின் மேற்கொம்பில் காதை ஒட்டிவைத்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டுங்கள். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள் அல்லவா, அதே வேலை. ஓரிடத்தில் மட்டும் ஒலி விக்கித்துச் செத்தால் அந்த அதிர்வெண்ணில் கழுத்து கம்பியின் அதிர்வைத் தானே விழுங்குகிறது. தலைப்பகுதியில் சிறிய இடுக்கி ஒன்றை மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் அந்தச் சாவு இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். இது மரத்தோடு வந்தது, உடன்பிறந்த கிற்றாரில் வேறு இடத்தில் இருக்கும். வாங்கும்முன் தேடவேண்டிய குறி இது, ஏனெனில் வாங்கியபின் செய்வதற்கு அதிகம் இல்லை.

எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் ஒன்றில்லை

மருமகனின் கிற்றார்கள் இந்த இடத்தில்தான் நின்றன. கம்பி ஒன்று, உயரம் ஒன்று, பிக்கப் இடைவெளி ஒன்று, சத்தம் ஒன்று. கண்ணை மூடிக் கேட்டாலும் கூட்டாளியுடையதை ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி மினுக்கம் இருந்தது, எனக்கும் கேட்டது. "நான் சொன்னேனே, மரம்" என்றான்.

ஸ்ட்ராட் வகையில் ஒரு வசதி இருக்கிறது. மூன்று பிக்கப்புகளும் மாற்றியும் குமிழ்களும் முன்னாலுள்ள பிளாஸ்ரிக் பிளேட்டிலேயே தொங்குகின்றன. உடலுக்குப் போவது மூன்று வயர்கள்தான்: ஜாக்குக்கு இரண்டு, ஸ்பிரிங் தகட்டுக்கு ஒன்று. அந்த மூன்றின் ஈயத்தை உருக்கி, பதினொரு திருகாணிகளையும் கழற்றினால் கிற்றாரின் மின்பகுதி முழுவதும் கையில் வந்துவிடும். இரண்டு பிளேட்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். குரல் பிளேட்டோடு போனால் வேறுபாடு மின்பகுதியில். உடலோடு நின்றால் மரம், கழுத்து, பிரிட்ஜ் பக்கம். ஒரே தொழிற்சாலையின் உடன்பிறப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். வேறு தயாரிப்பில் ஆணித்துளைகள் ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுவதும் அதற்குப் போனது. மாற்றிப் பூட்டி, சுருதி சேர்த்து, கண்ணைக் கட்டிவிட்டேன். மினுக்கம் பிளேட்டோடு போயிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மறுபடி கழற்றிக் கவிழ்த்துப் போட்டோம். மருமகனுடைய பிளேட்டில் ஈயப் பொட்டுகள் எல்லாம் ஒரே அளவில், மங்கலாக, தொழிற்சாலையில் வைத்தபடி. மற்றதில் வொல்யூம் குமிழின் அடியில் மட்டும் பளபளப்பாக, பருத்து, பக்கத்தில் வழிந்த ஈயம். குமிழின் முதுகில் 500 என்று அச்சிட்டிருந்தது. மருமகனுடையதில் 250. பழைய குமிழ் பழுதானபோது யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைச்சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். தடை குறைந்தால் உச்சொலியின் ஒரு பகுதி அதன் வழியே தரைக்கு ஒழுகும். 500 இல் ஒழுகுவது குறைவு, அதனால் மேலே மினுங்குகிறது. அச்சிட்ட எண்ணையும் முழுதாக நம்பவேண்டாம், இந்தக் குமிழ்கள் 20 சதவீதம்வரை கூடக்குறைய வரும். கழற்றி மல்டிமீற்றரில் அளந்தால்தான் உண்மை.

கூட்டாளியின் கிற்றாரில் டோன் குமிழை ஏழுக்கு இறக்கி, மருமகனுடையதைப் பத்தில் வைத்து இரண்டையும் வாசித்தோம். இந்தத் தடவை அவனால் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

அடுத்த நாள் தன்னுடையதிலும் 500 போடச் சொன்னான். போட்டுக்கொடுத்தேன், வழிந்த ஈயம் இல்லாமல். கூட்டாளியின் கிற்றாரை ஆரையம்பதியில் ஒரு பையன் வாங்கிப் போய்விட்டான். இப்போது மருமகனின் முறைப்பாடு கழுத்தைப் பற்றியது: அந்தப் பையனுடையது சற்று மெலிந்த கழுத்து என்கிறான். தடிப்பு அளக்கும் வேர்னியரை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறு ஆரையம்பதிக்குப் போகவேண்டும்.